பாரிஸிலிருந்து பத்து நிமிடத்தில்

"பாரிஸில பத்து மணிக்கு ஏறி, லண்டனில பத்து மணி பத்து நிமிஷத்துக்கு இறங்குறாளாம்" என்று சொல்லிவிட்டு அப்பா தொலைபேசியை வைத்தார். அவர் முகம் குழம்பிப் போயிருந்தது.

பேசியது புஷ்பவதி மாமி, அப்பாவின் தங்கை. பாரிஸில் ஒரு தெருவோரத் தொலைபேசிக் கூண்டிலிருந்து ஆக்லாந்துக்கு அழைத்திருந்தார். போட்ட காசு தீர்ந்ததும் பேச்சு அறுந்துவிட்டது.

சனிக்கிழமை மாமி கைக்குழந்தையுடன் லண்டன் போகிறார். அங்கே விமான நிலையத்தில் அவருடைய தம்பி ஆனந்தராசா காத்திருக்க வேண்டும். அக்காவும் தம்பியும் பார்த்து ஆறு வருடமாகிறது. ஆனந்தராசா சித்தப்பா அண்மையில்தான் வீடு மாறியிருந்தார். அவருடைய புதிய தொலைபேசி எண் அப்பாவிடம் மட்டுமே இருந்தது. அதனால் நேரத்தை அப்பாதான் சொல்ல வேண்டும்.

"எனக்குத்தான் பிழையாக் கேட்டிருக்கு. பறக்கவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேணும். பதினொன்று பத்தெண்டு தம்பிக்குச் சொல்லுறன்" என்றார் அப்பா.

"ஓம், பத்து நிமிஷத்தில பிளேன் போகுமே? எங்கட மவுண்ட் ரோஸ்கில் பஸ் அடுத்த சந்திக்கே போகாது" என்றார் அம்மா.

ஒன்பது வயது ரதிதேவி சிரித்தாள். பிறகு யோசித்தாள்.

"பொறுங்கோ அப்பா. மாமி சொன்னது சரியெண்டால்? மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. பிள்ளையையும் வைச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் தனிய நிப்பா."

"எப்பிடிச் சரியாகும்?"

"நாங்கள் சிட்னியில இருந்து இங்க வரேக்க உங்கட மணிக்கூட்டை ரெண்டு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினீங்கள். என்ர மத்தியானச் சாப்பாடு எங்க போச்செண்டு நான் அழுதன்."

"அழுது பிளேனையே எழுப்பினாய்" என்றார் அம்மா.

ரதி தன் பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவந்து, நாடுகளின் நேரத்தை நிறங்களால் காட்டும் படத்தை விரித்தாள். பாரிஸும் லண்டனும் ஒரு சுண்டுவிரல் நக அகலத்தில்தான் இருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே நிறம் மாறியது. பிரான்சின் கடிகாரம் இங்கிலாந்தை விட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது என்று கீழே போட்டிருந்தது.

"பாரிஸில பத்தெண்டால் லண்டனில ஒன்பது. ஒன்பது மணியில இருந்து ஒரு மணியும் பத்து நிமிஷமும் பறந்தால்?"

அப்பா விரல்களை மடக்கிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தரம் மடக்கினார்.

"பத்துப் பத்து" என்றார் மெதுவாக. "என்ர தங்கச்சி சரியாத்தான் சொல்லியிருக்கிறாள். நல்லவேளை நீ மறிச்சாய்."

உடனே லண்டனுக்கு எண்ணைச் சுழற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசி ஒலித்தது. அப்பா எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். சிரித்தபடி அதை ரதியின் காதில் வைத்தார்.

லண்டனில் மாமியும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவே குழந்தை வேறு கத்தியது. ரதிக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. ஆனாலும் அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை.