காயாங்கொப்பு

மூன்றாவது படத்தில் ஓர் இலை கூடியிருந்தது.

பிரஷாந்தினி வயிறு மணலில் அழுந்தக் குப்புறப் படுத்தபடியே, கமராவின் சின்னத் திரையை உள்ளங்கையால் வெயிலுக்கு மறைத்துப் பார்த்தாள். முதல் படத்தில் ஒன்பது இலை. இரண்டாவதிலும் ஒன்பது. மூன்றாவதில் பத்து. மூன்றும் ஒரே கொப்பு, ஒரே கோணம், இடையில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மறைந்து நின்ற இலை ஏதாவது காற்றில் திரும்பியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் காற்றே இல்லை. ஒட்டுசுட்டானிலிருந்து ஆறேழு மைல் உள்ளே, காட்டு விளிம்பில் மரமின்றி வெறுமையாகக் கிடந்த அந்த வெட்டையில் மத்தியானத்திலிருந்து ஒரு புல்லும் அசையவில்லை.

வானம்தான் அசைந்தது. கிழக்கே காட்டுக்கு மேலே மழைமேகம் கறுத்துத் திரண்டு, அடுக்கடுக்காக ஏறி, மேற்கில் சாய்ந்த வெயில் அதன் அடிவயிற்றில் பட்டுச் செம்பாகக் கொதித்தது. இப்படியொரு வானத்துக்காக அவள் இரண்டு மாதம் காத்திருந்தாள். அவள் வேலை செய்யும் ஸ்ரூடியோ அடுத்த வருசத்துக்குக் காட்டுச்செடிக் கலண்டர் போடுகிறது. பதினொரு மாதத்துக்குப் படம் எடுத்தாகிவிட்டது. ஒரு மாதம் பாக்கி.

காட்டுச்செடியை வானத்துக்கு நேரே எடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. எடுக்கிற ஆள் செடியைவிடத் தாழ்ந்துபோக வேண்டும், அவ்வளவுதான். மண்ணோடு மண்ணாகக் கிடந்து பார்த்தால் சாண் உயரத் தும்பைகூட மரமாக எழும்பி நிற்கும். ஆனால் அன்றைக்கு அந்த வெட்டையில் நல்லதாக ஒரு தும்பைகூட இல்லை. மாடுகள் மேய்ந்து, யானை மிதித்து, மிச்சத்தை வெயில் தின்றிருந்தது. மேகமோ காத்திருக்காது. கலியாண வீடுகளில் மாப்பிள்ளையின் மாலை வாடியிருந்தால் தோழனின் மாலையைக் கழற்றிப் போட்டுப் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவள் அவள். யாருக்கு என்ன குறைந்துபோயிற்று? அந்தத் துணிவில்தான் கொப்பை எடுத்தாள்.

கொப்பு அவளுடையதல்ல. அவளுடைய கணவன் ஜனகனுடையது.

இரண்டு நாளாக வீடு திரும்பாத பசுக்களைத் தேடி அவன் காட்டுக்குள் போயிருந்தான். போகுமுன், அங்கே போகிற எல்லோரும் செய்வதைத்தான் செய்தான். மொட்டுக் கட்டியிருந்த காயா மரத்தில் பச்சைக் கொப்பொன்று முறித்து, பாலைமரத்தடியில் இருந்த ஐயனார் கல்லில் வைத்துக் கும்பிட்டான். உள்ளே போகிறவனின் உயிருக்கு அந்தக் கொப்புத்தான் காவல். வெளியே வந்ததும் தன் கொப்பைத் தானே எடுத்து வீச வேண்டும், அதுவரை வேறொருவர் தொடக்கூடாது. கல்லைச் சுற்றிச் சருகாகிப்போன கொப்புகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ஒருவரும் திரும்பி வந்து எடுக்காதவை. "இவ்வளவும் ஆருடையது?" என்று அவள் கேட்டதற்கு, "அதைக் கேளாதையும்" என்றுவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டினான்.

"நீர் உள்ள வராதையும். நான் கூக்காட்டினால் திருப்பிக் கூக்காட்டும். யானையைக் கண்டால் மோட்டார் சைக்கிள் ஹோர்னை விடாமல் அடியும். இருட்டுறதுக்கு முதல் வந்திடுவன்."

அவன் மறைந்து கால்மணி நேரம் கழித்துத்தான் அவள் கொப்பை எடுத்து வெட்டையின் நடுவே மணலில் நாலு விரற்கடை ஆழத்துக்குக் குத்தினாள். பார்த்தால் அதிலேயே முளைத்தது போலிருந்தது. இரண்டு நிமிட வேலை, பிறகு இருந்த இடத்தில் வைத்துவிடலாம் என்று நினைத்தாள். ஆசை யாரை விட்டது? மேகம் ஏற ஏற அவளும் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"கூ…"

காட்டுக்குள்ளிருந்து ஜனகனின் குரல். அவள் முழங்கையை ஊன்றி எழும்பித் திருப்பிக் கூக்காட்டினாள். வழமையாக அவள் குரல் கேட்டதும் அவன் சின்னதாக ஒருமுறை 'கூ' என்று முடித்து வைப்பான். இந்தமுறை முடிப்பு வரவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி அதே நீளமான கூ, அதே இழுப்பு, முதலில் கேட்டதைவிடத் தூரத்தில். அவள் இன்னும் பலமாகக் கூவினாள். அடுத்தது வடக்கிலிருந்து வந்தது. அதற்கடுத்தது எதிர்த்திசையில் இருந்த குளப்பக்கமிருந்து. ஒரு மனிதன் அந்த முள்ளுக்குள்ளால் அவ்வளவு கெதியாக ஓட முடியாது.

அவள் கொப்பைப் பார்த்தாள். கமரா வழியாக அல்ல, வெறுங்கண்ணால். பதின்மூன்று இலை.

மோட்டார் சைக்கிளின் இருக்கையில் ஏறி நின்றால் மட்டும் போனுக்கு ஒரு கோடு சிக்னல் வரும். ஏறி நின்று மாமியாருக்கு அடித்தாள். பேச்சியம்மா சின்ன வயதில் கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து, இந்தக் காட்டு விளிம்பை வெட்டிக் கச்சான் கடலை போட்டுப் பிழைத்தவர். பேய், முனி என்று யாராவது கதை சொன்னால் வாய்விட்டுச் சிரிக்கிற மனுசி. ஒருதரம் அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"சொல்லு பிள்ளை. மாடு கிடைச்சுதே?"

"இல்லை மாமி. இவர் உள்ள போய் ஒரு மணித்தியாலத்துக்கு மேல. கூக்காட்டுறார். ஆனா நான் கூக்காட்டுறது அவருக்குக் கேக்காத மாதிரி. ஒருக்கா இஞ்சால கேக்குது, ஒருக்கா குளத்துப் பக்கம் கேக்குது."

மறுமுனையில் சட்டி பாத்திரச் சத்தம் நின்றது.

"கொப்பு வைச்சிட்டுத்தானே போனவன்?"

"ஓம்."

"அது கிடக்குதே?"

"கிடக்குது."

"எங்க கிடக்குது?"

அவள் மணலில் நின்ற கொப்பைத் திரும்பிப் பார்த்தாள். "மணலில குத்தி வைச்சனான் மாமி. படம் எடுக்க. ரெண்டு நிமிசம் எண்டுதான்…"

பேச்சியம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்கமாட்டாள்.

"மண்ணில குத்தினனியோ." மூச்சு வாங்கும் சத்தம். "பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். அது வாடினால் அவன் இல்லை. முறிஞ்சாலும் இல்லை. பிடிச்சு இழுக்காத. முறியாமல் எடுத்து அவன் வைச்ச கல்லிலேயே வை. நான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன். கெதியாப் போ. அழாத, போ. இழுக்…"

கோடு போய்விட்டது.

அவள் ஓடினாள். இருக்கையிலிருந்து குதித்ததில் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, எடுக்கவில்லை. கொப்பின் முன் முழங்காலில் விழுந்து, அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்து மெல்ல, மிக மெல்ல மேலே தூக்கினாள். வெறும் மணல், நாலு விரற்கடை ஆழம். சோற்றில் குத்திய கரண்டி மாதிரி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு நூல் அளவு எழும்பியது. பிறகு கீழேயிருந்து ஏதோ அதைத் திருப்பி உள்ளே வாங்கியது.

காட்டுக்குள் ஜனகன் கத்தினான். கூ அல்ல. அடிபட்ட கத்தல்.

கையை எடுத்தாள். நுனி இலையிரண்டும் துவண்டு தொங்கின. ஒன்றின் ஓரம் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருண்டது. தண்ணீர். போத்தலில் அரைவாசி இருந்தது. அடியில் ஊற்றினாள். மணல் உறிஞ்சியது. சாதாரணமாக மண் உறிஞ்சுவது போல் அல்ல, மடக் மடக்கென்று, தாகத்தில் அண்ணாந்து குடிக்கிற ஆளின் தொண்டைச் சத்தத்தோடு. துவண்ட இலை கொஞ்சம் நிமிர்ந்தது. போத்தல் முடிந்தது. கொஞ்ச நேரத்தில் இலை மறுபடி தொங்கியது.

குளத்துக்குப் போய் வர அரைமணி நேரம் வேண்டும். அவள் மேகத்தைப் பார்த்தாள். ஒரு மணித்தியாலத்துக்கு முன் படத்துக்காக மட்டும் பார்த்த அதே மேகத்தைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. இருந்தாலும் கும்பிட்டாள். ஐயனாரே, மழையைத் தா. பெரிய மழையாய்த் தா. என்னை என்ன வேண்டுமானாலும் செய், அவரை விட்டுவிடு.

மழை வரவில்லை. இடி மட்டும் உருண்டது.

இழுக்க முடியாது. அப்படியென்றால் தோண்ட வேண்டும், வேரோடு எடுத்துக் கல்லுக்குக் கொண்டுபோக வேண்டும். தண்டிலிருந்து ஒரு முழம் விலக்கிச் சுற்றிவர மணலைக் கையால் வாரத் தொடங்கினாள். மேல்மணல் சூடு. அடுத்தது குளிர்ச்சி. அதற்குக் கீழே மறுபடி சூடு, வெயில் சூடு அல்ல, காய்ச்சல்காரனின் போர்வைக்குள் இருக்கிற சூடு. மேற்கில் வெயில் மேகத்துக்குள் போனது. வெட்டை முழுவதும் ஈயநிறமானது. மண் மணத்தோடு வேறொரு மணமும் எழுந்தது. அவளுக்கு அது தெரிந்த மணம், ஆனால் எங்கே மணந்தது என்று நினைவு வரவில்லை.

"கூ…"

இப்போது எந்தத் திசை என்றே தெரியவில்லை. அவள் திருப்பிக் கூவவில்லை. அழுதுகொண்டே தோண்டினாள்.

விரலில் ஏதோ சுற்றியது. வேர். மெல்லிய கறுத்த வேர்கள். நிறைய. ஒரு பக்கமாக ஒதுக்கினாள். கையில் பிசுபிசுத்தது. மோந்து பார்த்தாள்.

நல்லெண்ணெய்.

காலையில் கிணற்றடியில் அவளே அவனுடைய தலைக்கு வைத்த நல்லெண்ணெய்.

"இல்லை," என்றாள். "இல்லை, இல்லை, இல்லை."

நெற்றி. சூடாக இருந்தது. புருவம். மணலை ஊதினாள். விரலால் துடைத்தாள். மூக்கு. கன்னத்தில் இரண்டு நாள் தாடி. முகம் வானத்தைப் பார்த்து அண்ணாந்திருந்தது. உதடுகள் தண்டைச் சுற்றி இறுகியிருந்தன. கொப்பு அவனுடைய வாய்க்குள்ளிருந்து வந்திருந்தது.

கண்கள் திறந்தன.

அவளைப் பார்த்தன. இமைத்தன. இமைமயிரில் மணல்.

"ஜனா."

காட்டுக்குள், தூரத்தில், கூ. அதே கணம் அவள் பிடித்திருந்த தண்டு கைக்குள் அதிர்ந்தது. கூ நின்றது. தண்டும் நின்றது. அவனுடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

கத்தினாளா என்று அவளுக்குத் தெரியாது. தோண்டினாள். கழுத்துக்குக் கீழே மணல் இல்லை, கட்டாந்தரை. நகம் பிய்ந்தது. கமராவின் விளிம்பால் கொத்தினாள். கண்ணாடி உடைந்தது. ஒரு விரற்கடை போகவில்லை. "உயிரோட இருக்கிறீங்கள். நான் எடுப்பன். மாமி ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறா. கொஞ்சம் பொறுங்கோ. கொஞ்சம்." அவன் இமைத்தான். மேலே இலைகள் துவண்டன. துவளத் துவள அவனுடைய கண்ணில் ஒளி மங்கியது. அவள் தண்டில் எச்சிலைத் தடவினாள். கண்ணீரைத் தடவினாள். அவளிடம் வேறு ஈரம் இல்லை.

முதல் துளி அவளுடைய பிடரியில் விழுந்தது.

பிறகு பத்து. பிறகு எண்ண முடியாமல். இலைகள் தலை தூக்கின. அவனுடைய கண்கள் தெளிந்தன. பிரஷாந்தினி வானத்தைப் பார்த்துச் சிரித்தாள், மழையை வாயில் வாங்கினாள், ஐயனாருக்கு நன்றி சொன்னாள். அவள் கேட்ட மாதிரியே பெரிய மழை.

வெட்டை எங்கும் விழுந்த தண்ணீர் பள்ளம் தேடி ஓடத் தொடங்கியது. அந்த வெட்டையில் இருந்தது ஒரே ஒரு பள்ளம்.

அவனுடைய காதுக்கு வந்தது. மணலை வாரி வரம்பு கட்டினாள். கரைந்தது. மறுபடி கட்டினாள். கன்னத்துக்கு வந்தது. குழிக்குமேல் குனிந்து முதுகால் மழையை மறைத்தாள். மறைத்த இடத்தில் இலை வாடியது. அவன் கண் மங்கியது. விலகினாள். தண்ணீர் ஏறியது.

"போதும்," என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள். "ஐயனாரே, போதும். நிப்பாட்டு."

மூக்குக்கு வந்தது.

அவனுடைய கண்கள் அவளை விட்டு விலகவில்லை. தண்ணீர் அவற்றின் மேலும் ஏறியது. கலங்கல் தண்ணீருக்கு அடியில் அவை திறந்தபடியே இருந்தன. அவள் இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினாள்.

காட்டுக்குள்ளிருந்து கூ வந்தது. குழித் தண்ணீரில் தண்டைச் சுற்றிக் குமிழிகள் எழும்பின. அவள் அள்ளினாள். மறுபடி கூ. மறுபடி குமிழிகள், முன்னையதைவிடக் குறைவாக. அவளுடைய முகத்துக்கு நேரே, கறுத்த வானத்தின் முன்னால், கொப்பு முழுதும் மழையில் செழித்து நிற்க, காயா மொட்டுகள் ஒவ்வொன்றாக நீலமாக விரிந்துகொண்டிருந்தன.