ஒரு தாள் குமாரசாமி

உலகத்தில் ஒரு வாரத்தில் நடப்பது எதுவானாலும், கல்யாணமானாலும் யுத்தமானாலும், ஒரே தாளில் அடங்கிவிடும். அடங்கவில்லையென்றால் குற்றம் டைப் அடிக்கிறவனுடையதே தவிர உலகத்தினுடையதல்ல. இதுதான் குமாரசாமியின் கொள்கை. வேடிக்கைக்குச் சொன்னதல்ல. பனமரத்துப்பட்டி ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் வேடிக்கை பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. குமாரசாமி அந்தக் கூட்டத்தில் சேராதவன்.

பாரசீக வளைகுடாவில், தேசப்படத்தின்மேல் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற ஒரு துறைமுகத்தில், இங்கிலீஷ் துரையின் ஆபீசில் மூன்று வருஷம் டைப்பிஸ்டாக இருந்து அடைந்த ஞானம் அது. எந்த ஷேக்குக்கு யாரோடு சண்டை, யார் படகை யார் கொள்ளையடித்தார்கள், பீரங்கிக் கப்பல் எந்தக் கரைப்பக்கம் போகிறது, ஜனங்களின் மனசு சர்க்கார் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று துரை வியாழக்கிழமைதோறும் இரண்டரைப் பக்கம் கிறுக்கித் தருவார். ஆறு பிரதி போகவேண்டும். ஐந்து மேலிடங்களுக்கு, ஒன்று கப்பல் காப்டனுக்கு. ஆறு தாளையும் நடுவே ஐந்து கார்பனையும் அடுக்கி உருளையில் ஏற்றுவதற்குள், அந்த ஊர்ப் புழுக்கத்தில், பாதிக் கார்பன் உள்ளங்கையிலேயே பிரதியாகிவிடும். இரண்டாம் தாள் என்றால் மறுபடியும் அத்தனை கூத்து. குமாரசாமி இரண்டாம் தாளை ஏற்றியதே கிடையாது.

'இவர் ஒரு சொல்லையும் வீணாக்குவதில்லை' என்று துரை எழுதிக்கொடுத்த சர்ட்டிபிகேட்டோடும், பம்பாயில் பழசாக வாங்கிய டைப்ரைட்டரோடும் அவன் ஊர் திரும்பி நாலு மாசம் ஆகிறது. ஊரார் 'ஒரு தாள் குமாரசாமி' என்று பெயர் வைத்தார்கள். அவன் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டான்.

அது முப்பத்திரண்டாம் வருஷம். இரண்டு வருஷமாக மழை இல்லை. கடலைக்காடு பொரிந்து கிடந்தது. மேட்டூரில் அணை கட்டுகிற இடத்து ஆபீசில் தலைமை டைப்பிஸ்ட் வேலை காலி என்று தெரிந்தது. இருக்க வீடும் உண்டு, வீட்டு வாசலில் குழாயும் உண்டு என்றார்கள். குழாய் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவன் மனைவி சௌந்திரம் பாத்திரங்களை மனசுக்குள் கட்டி வைத்துவிட்டாள். விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் வந்துவிட்டது; அன்றைக்குச் சாயங்காலத் தபாலில் போயாக வேண்டும்.

அன்று காலையில் டைப்ரைட்டரைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூசி இருந்தது.

"சௌந்திரம், இங்க கோலமாவு கொட்டினியா?"

"மேசமேல ஆருங்க கோலம் போடுவாங்க?" என்றாள் அடுப்படியிலிருந்து.

அவன் துண்டால் துடைத்தான். அந்த ஊர் மண் சிவப்பு. வெள்ளை வேட்டியை நாலு துவையலில் காவியாக்கிச் சந்நியாசம் கொடுத்துவிடுகிற சிவப்பு. இந்தத் தூசி சாம்பலுமில்லை, மாவுமில்லை. விரலில் நெருடியது. நெருடலுக்குள் நகக்கண் அளவு ஒரு சிப்பிச் சில்லு இருந்தது. துண்டை ஜன்னலுக்கு வெளியே உதறினான். திரும்பி வந்து பார்த்தால் துடைத்த இடத்திலேயே மறுபடியும் ஒரு சிட்டிகை.

பத்து மணி வாக்கில் மணியக்காரர் மாதையன் வந்தார். ஊரில் யார் பிறந்தார் யார் செத்தார் என்று ரிஜிஸ்டரில் எழுதுவது அவர் வேலை. சௌந்திரத்துக்குப் பெரியப்பா முறை ஆகையால் அந்த வீட்டு மோரில் உரிமை உள்ளவர். முந்தாநாள் இறந்துபோன பெருமாயியைப் பற்றி ஏழு வரி எழுதியிருந்தார். குமாரசாமி அதை வாங்கிப் படித்தான்.

"ஏனுங் மாமா, 'சாகும்போது மோர் கேட்டாள்'னு எளுதியிருக்கறீங்களே, கலெக்டர் துரை இதப் படிச்சுட்டு என்ன பண்ணுவாரு? சொம்புல கொண்டாரச் சொல்லுவாரா?"

"கேட்டாளே மாப்ள."

"கேட்டா?"

"கேட்டத எளுதோணுமில்ல? கட்டத்துல எடம் பத்தலீன்னா ஓரத்துல எளுதிக்கறது."

"நானா இருந்தா ஒரே சொல்லுங்க. 'ஒன்று'. சோலி முடிஞ்சுது. நீங்க எளவூட்டு வாசல்ல உக்காந்து, பேரென்ன, அப்பன் பேரென்ன, ஆத்தா பேரென்னன்னு பொண்ணு பாக்கப் போனவனாட்டக் கேட்டுக்கிட்டு இருக்கறீங்க. சர்க்கார் காயிதம் என்ன பனமரத்துலயா காய்க்குது?"

மாதையன் கோபிக்கவில்லை. "அத்தன சுருக்கா எளுத நமக்கு வராதுங்க மாப்ள," என்று மோரைக் குடித்துவிட்டு எழுந்தார். வாசப்படியில் நின்று தரையைப் பார்த்தார். "ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கறீங்களாக்கும்?"

அவர் போன பிறகுதான் குமாரசாமி பார்த்தான். வாசப்படியிலிருந்து மேசை வரைக்கும் வெள்ளையாகக் காலடிகள். மாதையனுடையவை என்றுதான் முதலில் நினைத்தான். மாதையன் செருப்பில்லாமல் நடந்து நடந்து முறம்போல அகன்ற காலுடையவர். இவை அவன் உள்ளங்கைக்குள் அடங்கும். உள்ளே வந்திருந்தன. வெளியே போன தடம் இல்லை.

மத்தியானம் சௌந்திரம் இரண்டு குடங்களோடு ஏரிக்குப் புறப்பட்டாள். ஏரியில் தண்ணீர் இல்லை. நடு ஏரியில் குழி தோண்டி, ஊறுகிறதை ஆளுக்குக் கொஞ்சமாகச் சிரட்டையால் மொண்டுகொள்ள வேண்டும். தன் முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"அந்தச் சர்ட்டிபிகேட்ட மறக்காம வச்சு அனுப்புங்க," என்றாள். "அதுதானுங்க நம்ம சோறு."

"உம்."

"மொகமேனுங்க இப்பிடி இருக்குது?"

"வெயிலு."

அவள் போய்விட்டாள். வீட்டில் ஒரு வாசனை இருந்தது. அடுப்பு வாசனை அல்ல, மாட்டு வாசனை அல்ல. உப்பும், வெந்த கல்லும், மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருகிற பாசியும் கலந்த வாசனை. மூன்று வருஷம் அவன் சட்டையில் இருந்த வாசனை. சட்டைகளையெல்லாம் பம்பாயிலேயே தானம் செய்துவிட்டு வந்தான். அதை வள்ளல்தனம் என்று சௌந்திரத்திடம் சொல்லியிருந்தான்.

அவன் சர்ட்டிபிகேட்டை எடுத்து மேசைமேல் விரித்தான். விரித்ததும், யாருமில்லாத அந்த வீட்டில், அவனுக்கு முகம் சுட்டது.

ஒரு வியாழக்கிழமை. கடற்கரைக் கிராமம் ஒன்று அபராதம் கட்ட மறுத்துவிட்டது. கரையிலிருக்கிற அவர்களுடைய கல் கோபுரத்தைக் கப்பல் சுட்டு இடிக்கும், கோபுரம் காலியாக இருக்கிறது என்று துரை எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளூர்ச் சேதி திரட்டுகிற முன்ஷி ஏதாவது செய்தி கொண்டுவந்தால் சேர்த்து அனுப்பு என்று சொல்லிவிட்டு, கடலில் குளிக்கப் போனார். குமாரசாமி அதைச் செதுக்கிச் செதுக்கித் தாளின் கடைசி வரியில் முற்றுப்புள்ளி வைத்த நேரத்தில், ஆபீஸ் முன்ஷி வேர்க்க விறுவிறுக்க ஒரு துண்டுச் சீட்டோடு ஓடிவந்தார். கிராமத்துக் கிணறுகள் வற்றிவிட்டன, தண்ணீர்த் தொட்டி இருப்பது கோபுரத்துக்குள், ஆகையால் பொம்பளைகளும் குழந்தைகளும் உள்ளே குடிபோய்விட்டார்கள் என்று அதில் இருந்தது. ஒரு வரிச் சேதி. தாளில் ஒரு வரிக்கு இடமில்லை. கீழே தபால் படகு ஊதியது. ஆறு தாள், ஐந்து கார்பன். சீட்டைக் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்து, "அடுத்த வாரம் சேத்துக்கலாம்," என்றான்.

அடுத்த வாரம், 'கோபுரம் இடிக்கப்பட்டது. நம் பக்கம் சேதமில்லை' என்று அடித்தான். முன்ஷி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஓடி வரவில்லை. கையில் நாற்பத்தொரு பெயர் எழுதிய காகிதம். இதையாவது சேர் என்றார். குமாரசாமி தாளைப் பார்த்தான். "இடமில்லை," என்றான். அது பொய்யல்ல. நிஜமாகவே இடமில்லை.

துரை கடைசிவரை அந்தச் சீட்டைப் பார்க்கவில்லை. அடுத்த மாசம் சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்தார்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. ஊருக்கு வந்த புதிதில், ஆட்டுச் சந்தையில் கூட்டம் சேர்ந்தபோது, கோபுரம் விழுந்த கதையை அவன் நடித்துக் காட்டினான். வாயால் பீரங்கி வெடித்தான்; பொரியுருண்டை உதிர்கிற மாதிரி கையை உதிர்த்தான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சின்னண்ணன் என்கிற ஆட்டு வியாபாரி மட்டும், "உள்ள ஆருமில்லீங்களா?" என்று கேட்டான். "காக்கா கூட இல்லப்பா," என்றான் குமாரசாமி. அதற்கும் ஒரு சிரிப்பு.

மணி மூன்றிருக்கும். தாளை ஏற்றி அடிக்க ஆரம்பித்தான். மகா கனம் பொருந்திய. கீழே கையெழுத்திட்டிருக்கும். தாழ்மையுடன். வெளியே காற்றே இல்லை. பனையோலை கூட அசையவில்லை. ஆனால் கடலைக்காட்டுப் பக்கமிருந்து, எவரோ மெள்ள மூச்சுவிடுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்து, நெருங்கி, வாசல் வரைக்கும் வந்து, சரசரவென்று பின்வாங்கியது. மறுபடியும் எழுந்தது. இங்கிருந்து கடலுக்கு எத்தனையோ நாள் வண்டிப்பாதை. அவன் தலையைத் தூக்காமல் அடித்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் டைப்ரைட்டருக்குள்ளிருந்து கொஞ்சம் தூசி எழும்பித் தாளில் படிந்தது. ஊதினான். எழும்பியது. ஊதினான்.

அலைச் சத்தம் நின்றது.

கல்லின்மேல் கல் சரிகிற சத்தம். ஒரு கல். அப்புறம் பல. அப்புறம் ஒன்றுமில்லை.

வாசப்படியில் வெளிச்சம் குறைந்தது.

ஒரு பெண் குழந்தை. ஐந்து வயசிருக்கும். தலை முதல் கால் வரை வெள்ளை, சுண்ணாம்புக் காளவாயில் விழுந்து எழுந்தாற்போல. புருவம் வெள்ளை. இமை வெள்ளை. அது அவனைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தது.

அதன் பின்னால் ஒரு பொம்பளை. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. அவளுக்குப் பின்னால் ஒரு கிழவி. கிழவிக்குப் பின்னால்.

அவன் எழுந்தான். கதவைச் சாத்த வேண்டும். இடமில்லை என்று சொல்ல வேண்டும். மூன்று வருஷம் சொன்ன சொல். வாயில் வந்துவிட்டது. நாக்கில் சுண்ணாம்பு.

குழந்தை இன்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தது.

குமாரசாமி உட்கார்ந்தான். விண்ணப்பத்தை உருளையிலிருந்து உருவினான். தபால்காரர் வருவார், வந்துவிட்டுப் போவார். சர்ட்டிபிகேட்டைத் திருப்பினான். முதுகுப்பக்கம் காலியாக இருந்தது. அதை ஏற்றினான்.

"பேரு?"

குழந்தை வாயைத் திறந்தது. முதலில் தூசிதான் வந்தது. வெகுநேரம் வந்தது. பிறகு ஒரு பெயர்.

அடித்தான். எழுத்துக் கூட்டிக் கேட்டு அடித்தான். ஓர் எழுத்துத் தப்பாக விழுந்தது. குழந்தை தலையை ஆட்டியது. அழித்துவிட்டு மறுபடியும் அடித்தான்.

"அப்பன் பேரு?"

சொன்னது.

"ஆத்தா பேரு?"

திரும்பிப் பின்னால் நின்றவளைக் காட்டியது.

முதுகுப்பக்கம் பதினோராவது பெயரிலேயே நிரம்பிவிட்டது. ஓரத்தில் அடித்தான். ஓரமும் நிரம்பியது. இரண்டாம் தாளை ஏற்றினான். மூன்றாம் தாளை. வெளியே தபால்காரர் சைக்கிள் மணி இரண்டு தடவை அடித்தது, போயிற்று. நாற்பத்தொன்றாவது பெயரை அடித்து முடித்து, விரலை நெட்டி முறித்துக்கொண்டு, இதோடு ஆயிற்று என்று முதன்முறையாக நிமிர்ந்து வாசலுக்கு வெளியே பார்த்தான்.

சிவப்புக் காட்டில் வெள்ளையாக ஒரு வரிசை. வாசலிலிருந்து, கடலைக்காட்டைக் கடந்து, பனைகளைக் கடந்து. இடிந்து செத்தவர்கள் மட்டுமல்ல. நீர் சொட்டச் சொட்ட நின்றவர்கள், கருகியவர்கள், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். யாரும் தள்ளவில்லை.

நாற்பத்தொன்று என்று முன்ஷி கொண்டுவந்தது ஒரு வாரத்துக் கணக்கு. குமாரசாமி அங்கே மூன்று வருஷம் இருந்தான்.

பொழுது சாய்ந்தது. வரிசைக்குள்ளிருந்து குடம் மோதுகிற சத்தமும், "செத்த வழி உடுங்க சாமி, செத்த வழி உடுங்க" என்ற குரலும் கேட்டன. சௌந்திரம் வாசப்படியில் வந்து நின்றாள். சேலை முந்தானை வெள்ளையாகியிருந்தது.

"ஏனுங்க, ஆருங்க இவியெல்லாம்? ஏரிக்கரை தாண்டி நிக்கறாங்க. தண்ணி கேக்கறாங்க. ரெண்டு கொடந்தானுங்க இருக்குது."

அவன் முழங்கை வரை வெளுத்துப்போன கைகளால் அடுத்த தாளை உருளையில் ஏற்றினான். எதிரே நின்ற கிழவருக்கு முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தைக் குமாரசாமியின் பக்கம் மரியாதையாகக் குனிந்து காட்டினார்.

"பேரு?" என்றான் குமாரசாமி. காத்திருந்தான். "சரிங்க. அப்பன் பேரு?"