செவலைக்கு மூன்று உதை

இருபத்து நான்கு மணி நேரத்தில் பத்தொன்பது போய்விட்டது. மிச்சம் ஐந்து. காலை பதினொன்றுக்குள் இளம்பரிதியை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். கொலை முயற்சி வழக்கு.

காலை 6.05. இண்டூருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கொட்டகை முன்னால் ஜீப் நின்றது. உதவி ஆய்வாளர் சுசித்ரா இறங்கினாள். பின்னாலேயே ஏட்டு மாதவராஜ்.

முந்தின நாள் இந்த வாசலில்தான் பெரியண்ணன் மண்டை உடைந்து கிடந்தார். அறுபத்திரண்டு வயது விவசாயி. தலை துவைக்கிற கல்லில் மோதியிருந்தது. அவர் மேல் அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அதைத் தூக்கப் போராடிக்கொண்டிருந்தவன், வண்டி வாங்க பொம்மிடியிலிருந்து வந்த இளம்பரிதி. இருபத்தாறு வயது. அவனைப் பிடித்துக் கொடுத்தவர் பெரியண்ணனின் தம்பி காளியப்பன். வண்டி தர மறுத்ததால் அண்ணனைத் தள்ளி அடித்துவிட்டான் என்பது அவர் புகார்.

இளம்பரிதி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்.

“ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச விட்டேன் மேடம். வண்டி பின்னாடி போச்சு.”

ஸ்டேஷனே சிரித்தது. இரவுக்குள் நான்கு முறை கேட்டார்கள். நான்கு முறையும் அதையே சொன்னான். சுசித்ராவின் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். பொய் சொல்பவன் இரண்டாம் முறையிலேயே கதையைச் சரிசெய்வான். யாரும் நம்பாத ஒன்றை நான்காவது முறையும் எதற்காகச் சொல்ல வேண்டும்?

“முப்பது வருசமா வண்டி ஓட்டறேன் மேடம்,” என்றார் மாதவராஜ். “ஆட்டோவுக்கு ரிவர்ஸ் கியர் உண்டு. டூவீலருக்கு ஏது?”

சுசித்ரா திரும்பி வண்டியைப் பார்த்தாள்.

தூக்கி நிறுத்தி வைத்திருந்தார்கள். ஐம்பது வயது இருநூற்றைம்பது சிசி, டூ ஸ்ட்ரோக். காய்ந்த மிளகாய்ச் சிவப்பு. டேங்கின் குரோமில் விடியல் வெளிச்சம் வளைந்து ஓடியது. சைலன்சர் கொட்டகை நீளத்துக்கு நீண்டிருந்தது போல் தோன்றியது. அவளை அறியாமல் ஒரு அடி பின்வாங்கினாள். கோயில் யானை முன்னால் நிற்கும்போது வருகிற அதே தயக்கம்.

“செவலைங்க,” என்றார் காளியப்பன். பல் குச்சியோடு வந்து நின்றிருந்தார். “எங்கண்ணன் வண்டிக்கெல்லாம் மாட்டுப் பேருதான் வெப்பாரு. மயிலை, காரி ரெண்டும் போன வருசமே வித்தாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்.”

“ஏன் விக்கறாரு?”

“போன ஆடியில சறுக்கி விழுந்து தோள்பட்டை எறங்கிருச்சுங்க. எங்கண்ணி விடல. தன் தலைமேல கைய வெக்கச் சொல்லி, எல்லா வண்டியையும் வித்துடறேன்னு சத்தியம் வாங்கிருச்சு. அதுக்கும் இவரு ஒரு சட்டம் போட்டாரு. எவன் மூணு உதையில செவலைய ஸ்டார்ட் பண்றானோ அவனுக்குத்தான் வண்டி. பேரமே கெடையாது.”

“எத்தனை பேர் வந்தாங்க?”

“இந்தப் பையனுக்கு முன்ன ரெண்டு பேரு. அரூர்க்காரரு ஒருத்தரு, ஓசூர்க்காரரு ஒருத்தரு. உதைச்சு உதைச்சு வேர்த்துப் போனதுதான் மிச்சம். செவலை ஆளைப் பாத்துத்தாங்க புடிக்கும்! அரூர்க்காரரு போன மறுநாளு எங்கண்ணன் ஒத்த உதையில ஸ்டார்ட் பண்ணி டீக்கடைக்குப் போனாரு.”

“உங்களுக்கு இந்த வண்டி ஓட்டத் தெரியுமா?”

“நமக்கு பேட்டரி ஸ்கூட்டருங்க. ராத்திரி சார்ஜ் போட்டா சத்தமில்லாம போவும். இந்தப் புகையெல்லாம் யாரு புடிக்கறது?” சிரித்தார். உடனே அண்ணன் ஞாபகம் வந்து சிரிப்பை விழுங்கினார். “பின்னாடி போச்சாமுங்க! அப்போ எங்க தோட்டத்து டிராக்டரு மேல பறக்குமா?”

சுசித்ரா குனிந்தாள். முந்தின நாள் வாசல் தெளித்த ஈரம் செம்மண்ணில் இன்னும் இருந்தது. பின்சக்கரம் நின்ற இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். சக்கரம் வேகமாகச் சுற்றி மண்ணைத் தோண்டியிருக்கிறது. அந்த மண் எங்கே போனது?

பின் மட்கார்டின் உட்புறத்தைத் தடவினாள். சுத்தம்.

முன்னால் வந்து எஞ்சினின் முதுகைப் பார்த்தாள். கார்புரேட்டர், காற்று வடிகட்டிப் பெட்டி, ஃபுட்ரெஸ்ட், எல்லாவற்றிலும் செம்மண் அப்பியிருந்தது. தரையிலும் கேட்டை நோக்கி மண் விசிறியடித்திருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. அங்கேயே குந்தியிருந்தாள்.

6.40. வாசலில் ஆட்டோ நின்றது. பெரியண்ணனின் மனைவி காசியம்மாள், ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்திருந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

“எப்படி இருக்கார்?”

“விடியக்காலம் கண்ணு முழிச்சாருங்க மேடம். தையல் பதினாலு. உசுருக்கு ஒண்ணுமில்லன்னாங்க.”

“ஏதாவது பேசினாரா?”

காசியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். “அத ஏன் கேக்கறீங்க. நான் தலமாட்டுல உக்காந்திருக்கேன். என்னை யாருன்னு கேக்கல, எங்க இருக்கேன்னு கேக்கல. ‘ஸ்டார்ட் ஆயிருச்சா?’ன்னு கேட்டாரு. ஆமா, அந்தப் பையன் ஸ்டார்ட் பண்ணித்தான உன்னைய இந்தக் கதிக்கு ஆளாக்குனான், போலீசு புடிச்சுட்டுப் போயிருச்சுன்னேன். அப்பிடியே மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அதுக்கப்புறம் பேச்சே இல்ல. உசுரு போற நேரத்துலயும் அந்தச் சனியன் நெனப்புதான்.”

மாதவராஜ் தலையாட்டினார். “பைத்தியம்னா இப்படித்தான்மா இருக்கும்.”

சுசித்ரா காசியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வண்டி வாங்க வர்றவங்க உதைக்கும்போது அவர் எங்க நிப்பார்?”

“நிக்க மாட்டாருங்க. வண்டிக்குப் பின்னாடி குந்திக்குவாரு. சைலன்சர் வாயில உள்ளங்கைய வெச்சுக்குவாரு. நாடி புடிக்கறாராம்.”

துவைக்கிற கல் வண்டிக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் இருந்தது.

7.15. கேமராவில் எல்லாவற்றையும் படம் எடுத்த பிறகு சுசித்ரா ஸ்க்ரூ டிரைவர் கேட்டாள். எஞ்சின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே, தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று தீர்மானிக்கிற வட்டத் தட்டு. தட்டில் ஒரு கோடு, அதைத் தாங்கும் உடலில் ஒரு கோடு. இரண்டும் நேராக நிற்க வேண்டும். ஒரு நெல்மணி அகலத்துக்கு விலகி நின்றன. தட்டைப் பிடித்திருந்த திருகாணிகளின் தலை தேய்ந்து பளபளத்தது. பல முறை திறந்து, பல முறை மூடிய திருகாணிகள்.

“ஏட்டய்யா, முன்னால ஓடற சக்கரம் சேத்தை எந்தப் பக்கம் அடிக்கும்?”

“பின்னாலதான். மழையில பஸ்ஸுக்குப் பின்னால போயிருக்கேனே, தெரியாதா?”

“இங்க மண்ணு முன்னால அடிச்சிருக்கு. கையால தள்ளினா பள்ளம் விழாது. எஞ்சின்தான் சக்கரத்தைப் பின்னால சுத்தியிருக்கு.”

மாதவராஜ் பள்ளத்தைப் பார்த்தார், மட்கார்டைப் பார்த்தார்.

சுசித்ரா தான் இயந்திரவியல் படித்த கல்லூரியில் வெட்டித் திறந்து வைத்திருந்த எஞ்சினை நினைத்துப் பார்த்தாள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகள் உண்டு. அவை வரிசைப்படி திறந்து மூட வேண்டும். வரிசை தலைகீழானால் எஞ்சின் ஓடாது. இந்தப் பழைய டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் துளைகள், நடுவே ஏறி இறங்கும் பிஸ்டன். அவ்வளவுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் அது அதே துளைகளைத்தான் கடக்கிறது. எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று அதற்குத் தெரியாது. தீப்பொறி அளவு மீறி முந்திவிட்டால், உச்சியை எட்டாத பிஸ்டன் வந்த வழியே திருப்பி எறியப்படும். முழு உதை விழுந்தால் எஞ்சின் முரண்டு பிடித்து நின்றுவிடும். அரை உதை விழுந்தால்?

இளம்பரிதி அதற்கு முன் சொன்னதையும் நினைத்தாள். மூணாவது உதையில கால் வழுக்கிப் பாதியிலயே நின்னுருச்சு மேடம், ஆனா புடிச்சுக்கிச்சு.

வண்டி மேல் ஏறி உட்கார்ந்தாள். “பின்னால யாரும் நிக்காதீங்க.”

பெட்ரோல் திறந்தாள். பாதி உதை. ஒன்றுமில்லை. இன்னொன்று. பெடல் பாதத்தைத் திருப்பி அடித்தது. வலி முழங்கால் வரை ஏறியது. மறுபடி பாதி உதைத்தாள்.

செவலை பிடித்தது.

சத்தம் கேட்டுக் காசியம்மாள் வெளியே ஓடிவந்தார். அது அவருக்குத் தெரிந்த சத்தம் இல்லை. உள்ளிழுத்த மூச்சை உள்ளேயே வைத்திருக்கிற ஒரு கனத்த உறுமல். நீலப்புகை வாசலில் படர்ந்தது. சுசித்ரா கிளட்சைப் பிடித்தாள். முதல் கியர். மெல்ல விட்டாள்.

செவலை பின்னால் நடந்தது.

யாரும் தள்ளவில்லை. கைப்பிடி முன்னால் பார்த்திருக்க, விளக்கு கேட்டைப் பார்த்திருக்க, அத்தனை கனமும் அவளைச் சுமந்துகொண்டு அமைதியாகப் பின்னால் போனது. உலகம் ஒரு கணம் தன் திசையை மறந்துவிட்டது போல் இருந்தது. அவள் கைமயிர் சிலிர்த்தது. துவைக்கிற கல்லுக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் பிடித்து அணைத்தாள்.

காளியப்பன் வாயிலிருந்த குச்சி கீழே விழுந்தது. மாதவராஜ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது.

ஜீப்பில் அவர் கேட்டார். “அப்போ தட்டை மாத்தினவன் யாரு மேடம்? தம்பியா?”

“ஆஸ்பத்திரிக்குப் போவோம்,” என்றாள் சுசித்ரா. பின்சீட்டில் காசியம்மாள் துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தார்.

8.50. தருமபுரி. பெரியண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தலையைச் சுற்றிக் கட்டு. தூங்கவில்லை என்பது தோளில் தெரிந்தது.

சுசித்ரா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஐயா, அந்தப் பையன் உங்களை அடிக்கல. வண்டிதான் உங்க மேல வந்துச்சு. டைமிங் தட்டை யாரோ திருப்பி வெச்சிருந்தாங்க.”

தோள் அசையவில்லை.

“யாருன்னு முதல்ல எனக்குத் தெரியல. உங்க தம்பிக்கு எஞ்சினே தெரியாது. அம்மாவுக்கு வண்டி போனாப் போதும். வாங்க வந்தவன் தான் வாங்கற வண்டியைக் கெடுக்க மாட்டான். அந்தத் திருகாணிங்க பல தடவை திறந்தது. அரூர்க்காரர் வந்த அன்னிக்கு செவலை புடிக்கல. மறுநாள் ஒத்த உதையில புடிச்சுது. ஓசூர்க்காரருக்கும் புடிக்கல. ஆளைப் பாத்து வண்டி புடிக்காதுங்க. ஆள் வர்றதுக்கு முன்னால ஒரு கை மாத்தி வெச்சு, போன பிறகு சரி பண்ணியிருக்கு.”

காசியம்மாள் துணிப்பையைக் கீழே வைத்தார்.

“விடியக்காலை நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்க. ஸ்டார்ட் ஆயிருச்சான்னு. டாக்டர்கிட்ட விசாரிச்சேன். அடிபட்ட நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால நடந்தது ஞாபகம் வராதாம். பின்னாடி குந்தினது மட்டும் உங்களுக்கு ஞாபகம் இருக்கு. எல்லாரும் அதை ஆசைன்னு நினைச்சாங்க. ஆனா ஒத்த உதையில புடிக்கற வண்டிக்காரர், ஸ்டார்ட் ஆயிருச்சான்னு ஏன் கேக்கணும்? ஆகாதுன்னு தெரிஞ்சவர்தான் கேப்பார். மீற முடியாத சத்தியம். வண்டியக் குடுக்கவும் மனசு இல்ல. மூடியத் திறந்தது நீங்க.”

வெளியே டிராலி ஒன்று கிறீச்சிட்டுப் போனது.

“பதினொரு மணிக்கு அவனைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. நேத்துல இருந்து அவன் ஒரே வார்த்தையத்தான் சொல்றான். வண்டி பின்னாடி போச்சுன்னு. ஊரே சிரிக்குது.”

பெரியண்ணன் மெல்லத் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன.

“பின்னாடியா?”

“ஆமாங்க. நானே ஓட்டிப் பாத்தேன்.”

“செவலையா?”

“செவலைதான்.”

அவர் முகத்திலிருந்து வலி எங்கோ போயிற்று. திருவிழாவில் முதன்முதலாகத் தேர் அசைவதைப் பார்க்கிற முகம். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. உள்ளங்கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். எண்ணெய்க் கரும்புள்ளிகள் இன்னும் அதில் இருந்தன.

“நாப்பது வருசம் கூடவே இருந்தேன்,” என்றார். “எங்கிட்ட ஒரு நாளும் அது காட்டல.”

காசியம்மாள் கட்டிலருகே வந்தார். “ஏய்யா, அந்தம்மா என்னா சொல்றாங்க? என் தலையில கைய வெச்ச மனுசன்தான நீ?”

மாதவராஜ் பேனாவை எடுத்தார். சுசித்ரா கையசைத்து நிறுத்தினாள். அதை அவர் தன் வாயால் சொல்ல வேண்டும்.

பெரியண்ணன் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தபடியே சொன்னார்.

“மூணு உதையில அவன் ஸ்டார்ட் பண்ணிட்டான் காசி. வண்டி அவனுது. தட்டைத் திருப்பி வெச்சது நாந்தான்.”