ஈரம் காயாத தரை

அண்ணனும் தங்கையும் வந்து இறங்கியபோது மணி மூன்று இருக்கும். சுள்ளென்று வெயில். பயப்படுகிற நேரமே இல்லை, கேளுங்கள்.

அப்பாவின் வீட்டை விற்றாகிவிட்டது. வாங்கியவர்கள் ஐந்து மணிக்குச் சாவிக்கு வருவார்கள். நாளைக்கே தரையைப் பெயர்த்து டைல்ஸ் பதிக்கப் போகிறார்களாம்.

அப்பா தரைக்குப் பெயின்ட் அடிக்கிறவர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கிடங்கு என்று நாற்பது வருஷம் முட்டி போட்டே பூசினார். உள்மூலையில் ஆரம்பித்து, பின்னாலேயே நகர்ந்து வந்து, வாசலில் முடிப்பார். அதனால் கூட வேலை செய்தவர்களுக்கு அவர் ‘ரிவர்ஸ் அண்ணே’. “கல்யாணப் போட்டோவுலகூட இந்த மனுஷன் ரெண்டடி பின்னாலதான் நிக்கிறார்” என்று அம்மா இருந்தவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வீட்டுக்கு வந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் விரல் விரலாகத் துடைத்த பிறகுதான் பிள்ளைகளைத் தூக்குவார். மகளிடம் மட்டும் பெருமையாகச் சொல்வார்: “உன் கிளாஸ் தரை நான் பூசினது. செருப்பைத் தேய்க்காம நட, தாயி.”

இதையெல்லாம் நினைத்தும் அவளுக்கு அழுகை வரவில்லை. அப்பா போய் மூன்று வாரம். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது நெஞ்சு.

நடையில் பெயின்ட் வாசனை. புது வாசனை.

பூட்டியிருந்த அப்பா அறைக்குள் ஏதோ உரசியது.

சர்க்... சர்க்...

அண்ணன் சாவியைத் திருகினான். சத்தம் நின்றது.

தன் அறைத் தரையைப் பாதி பூசியபோதுதான் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்பாதி சிவப்பு, வாசல்பாதி வெறும் சிமென்ட். அப்படியேதான் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது அறை முழுக்கச் சிவப்பு. ஈரம் பளபளத்தது.

“ஆள் யாரையாவது விட்டியா?”

“சாவி உன்கிட்டதானே இருக்கு.”

“டப்பா, பிரஷ் எல்லாத்தையும் நானே தூக்கிப் போட்டேன்டி...”

அவள் குனிந்து பார்த்தாள். பிரஷ் இழுத்த கோடுகள் வாசலில் தொடங்கி உள்ளே போயின. தொழில் தெரிந்த எவரும் செய்யாத காரியம். வாசலில் ஆரம்பித்தால் பூசுகிறவர் உள்ளேயே சிக்கிக்கொள்வார்.

எதிர் மூலையில் கொஞ்சம் இடம் மட்டும் புது ஈரம் படாமல், பழைய பூச்சோடு காய்ந்து கிடந்தது.

இரண்டு பாதம் வைக்கிற அளவு.

“தெரியாம செஞ்சிருப்பாரா?” அண்ணன் கிசுகிசுத்தான்.

“அப்பாவா? தெரிஞ்சுதான். வெளிய வர மனசில்ல.”

காயட்டும் என்று வாசலிலேயே நின்றார்கள். நாலு மணி. நாலரை. ஜன்னல் வெயில் நேராக விழுந்தும் ஈரம் காயவில்லை. மூலையிலிருந்து ஒரே ஒரு தடவை, முட்டி மடங்குகிற சத்தம்.

மடக்.

“பூட்டிட்டுப் போயிடலாம், வா.”

“நாளைக்குக் கடப்பாரை போடுவாங்கண்ணா. அவரை உள்ள வெச்சுட்டா?”

செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் கால் வைத்தாள். குளிர்ச்சிகூடத் தெரியவில்லை. மூலைக்கு ஓரடி முன்னால் நின்றாள். அங்கே மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

“அப்பா, நீங்க பூசினதை நானே மிதிச்சுக் கெடுத்துட்டேன். திட்டுங்க, பரவாயில்ல. என் தடத்துலயே காலை வெச்சு வாங்க. வீடு போயிடுச்சுப்பா. நாங்க இருக்கோம்.”



திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பெயின்டிலிருந்து கால் பிரிகிற சத்தம் கேட்டது. அவள் காலுக்கு ஒன்று.

அதற்குப் பிறகு இன்னொன்று.

அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு வெளுத்திருந்தது.

ஐந்து மணிக்கு வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். “விடுங்க, எப்படியும் உடைக்கப்போறதுதானே” என்று சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

காரின் முன் இருக்கையில் அப்பாவின் துணி மூட்டை. அவள் பின்னால் ஏறினாள். அண்ணன் வண்டியைக் கிளப்பினான்.

“கதவைச் சாத்துடி.”

“இருண்ணா.”

அவள் உள்ளே நகர்ந்து இடம் விட்டாள். திறந்திருந்த பக்கமாக வண்டி மெல்லத் தாழ்ந்தது.

கதவு சாத்திக்கொண்டது. சாத்தியது அவள் இல்லை.