மூன்றாம் கட்டிலின் ஃபியூஸ்

மின்கம்பம் எட்டிப் பார்க்காத இடம். சூரிய மின்சாரத்தில் ஓடும் அந்தச் சின்ன மருத்துவமனைக்குப் பேட்டரி மாற்ற மெக்கானிக் வந்து இறங்கியபோது உச்சிவெயில். வார்டில் ஆறு கட்டில்கள், ஆள் இல்லை. பினாயில் நெடிக்கு அடியில் ஈரத்துணியின் வாடை.

"எல்லாத்தையும் அணைச்சாலும் மீட்டர் ஓடிக்கிட்டே இருக்குண்ணா," என்றாள் நர்ஸ்.

பார்த்தான். முந்நூறு வாட். ஆக்ஸிஜன் மெஷின் இழுக்கும் அளவு. மெஷினோ ஒயர் சுருட்டி, உறை போட்டு, மூலையில் கிடந்தது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். மூன்றாம் கட்டிலுக்கானதைக் கழற்றியதும் மீட்டர் பூஜ்யமானது.

காலி வார்டில் யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

பதறிப்போய் மாட்டினான்.

சத்தம் நின்றது.

"உங்களுக்கும் கேட்டுச்சா?" நர்ஸின் குரல் கம்மியது. "அந்தக் கட்டில்லதான் டீச்சரம்மா போனாங்க, போன வருஷ மழையில. பேட்டரி செத்து மெஷின் நின்னுபோச்சு. மூணு மணி நேரம் மூச்சுப் பையைக் கையாலயே அமுக்கினேன். அப்புறம் கை மரத்துப்போச்சு. இன்னும் கொஞ்சம் பல்லைக் கடிச்சிருந்தா பொழைச்சிருப்பாங்க. என் கைதான்ணா காரணம்."

அவன் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஃபியூஸ் பெட்டிக்குள் ஏதோ மெல்லப் பெருமூச்சு விட்டது.

"உங்க கை இல்ல சிஸ்டர்," என்றான். "மழைக்கு முன்னாடி சோதிக்க வந்தவன் நான்தான். பேட்டரி மூடியக்கூடத் திறக்கல. கூரை மேல ஏறல. வெயிலுக்குச் சோம்பல்பட்டு, எல்லாம் சரின்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டேன்."

அவள் தன் உள்ளங்கைகளை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரு வருஷம்," என்றாள். அண்ணா என்ற சொல் அதில் இல்லை. வெளியே போய்விட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. தனியாகவே பேட்டரிகளை மாற்றினான். மீட்டரில் அதே முந்நூறு. மூன்றாம் கட்டிலின் ஃபியூஸைத் தொட மட்டும் கை வரவில்லை.

பிறகு, முதன்முறையாக, கூரைமேல் ஏறினான்.

சோலார் தகடுகள் தொட முடியாத சூட்டில் தகித்தன. நடுத் தகட்டின் கண்ணாடியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. துணியால் துடைத்தான். போகவில்லை. அழுத்தித் துடைத்தான்.

துணியில் ஈரமே இல்லை.

ஆவி சுருங்கியது. பரவியது. மறுபடி சுருங்கியது, நிதானமாக, தூங்குகிறவரின் மூச்சைப் போல.

அது கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.