போர்ப்பாட்டுகளுக்கு நடுவே ஒரு தாலாட்டு

எங்கள் குடும்பத்துக் கேசட்டைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குப் பிடிக்காது.

கேசட் என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உள்ளங்கை அளவுப் பெட்டி. அதற்குள் ஒரு நாடா சுற்றும், பாட்டு வரும். என் அப்பா ராசப்பன், பெருமாநல்லூரில் பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் கம்பெனியைத் தொடங்கியவர். கம்பெனி ஆட்களையே பாட வைத்து அவர் ஒரு முருகன் கேசட் போட்டார். அதன் பெயர் 'வேல் முழக்கம்'.

பெயருக்கு ஏற்ற பாட்டுகள். பம்பை அதிரும். உடுக்கை உறுமும். வேல் எடுத்து வந்தான், சூரனை வென்றான் என்று ஒவ்வொரு பாட்டும் போருக்குக் கிளம்பும். இன்றைக்கும் ஆயுத பூஜை வந்தால் எங்கள் தெருவில் உள்ள எல்லாக் கம்பெனிகளிலும் அந்தப் பாட்டுகள்தான்.

ஒரு பாட்டைத் தவிர.

ஏழாவதாக வருவது ஒரு தாலாட்டு. பம்பை கிடையாது, உடுக்கை கிடையாது. ஓர் ஆண் குரல் மட்டும் தனியாக, மெல்ல, "களைத்த காலுக்கு ஓய்வு கொடு வேலா, கண்ணை மூடு" என்று பாடும். பாடியவன் என் தம்பி வேல்குமார். அப்போது அவன் மீசை அரும்பிய இளைஞன். இப்போது மீசை நரைத்துவிட்டது.

அந்தப் பாட்டு வந்ததும் மற்ற கம்பெனிக்காரர்கள் அடுத்த பாட்டுக்குத் தாண்டிவிடுவார்கள். பேக்கரி தங்கதுரை அதோடு விடமாட்டார்.

"ஏனுங்க ஆறுமுகசாமி, போருக்குப் போற எடத்துல பால்புட்டி எதுக்குங்க?" என்பார். அவர் பேக்கரியில் டீ குடிப்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

இந்த வருடம் அந்தக் கேசட்டைப் புதுப்பிக்க முடிவு செய்தேன். பழைய பாட்டுகளைச் சுத்தம் செய்து, விஜயதசமியன்று தெருவில் எல்லோருக்கும் பென் டிரைவில் கொடுக்க வேண்டும். அவிநாசி ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் யாழினி என்ற பெண்ணிடம் வேலையை ஒப்படைத்தேன்.

ஆயுத பூஜையன்று காலையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அந்த ஏழாவது பாட்டு இனிமேல் வேண்டாம். குடும்பத்து மானம் போகுது. யாழினிகிட்டயும் சொல்லிட்டேன்."

வேல்குமார் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். "சரிங்ணா" என்றான். அவ்வளவுதான்.

என் பேத்தி பரணி பக்கத்தில் நின்றாள். என் மகள் வயிற்றுப் பேத்தி; எங்கள் பக்கத்து வழக்கப்படி என்னை அப்புச்சி என்பாள், தம்பியைச் சின்ன அப்புச்சி என்பாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். பூஜை விடுமுறைக்கு வந்திருந்தாள். எங்கள் வீட்டில் அவளுக்கு மிகவும் பிடித்த ஆள் நான் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, வேல்குமார்தான்.

"சின்ன அப்புச்சி, தொடச்ச எடத்தையே தொடச்சிட்டு இருக்கீங்க" என்றாள் அவனிடம்.

"அப்படியா கண்ணு?"

"உங்களுக்கு வருத்தமா?"

"சேச்சே. என் கொரலு வேற எங்கயும் பதிஞ்சதில்ல. அது ஒண்ணுதான். பரவால்ல, போகட்டும்."

பரணி நேராக என்னிடம் வந்தாள். "அப்புச்சி, அந்தப் பாட்டு எதுக்கு அங்க இருக்குதுங்க?"

"தெரியாம வெச்சிருப்பாங்க."

"யாருங்க? உங்க அப்பாவா?"

நான் பூஜை மாலைகளை எண்ணத் தொடங்கினேன்.

"'எங்க அப்பா எதையும் யோசிக்காம செய்ய மாட்டார்'னு நீங்கதானுங்களே சொன்னீங்க? போன லீவுலயும் சொன்னீங்க. அதுக்கு முந்துன லீவுலயும் சொன்னீங்க."

"போய் சுண்டல் சாப்பிடு கண்ணு" என்றேன்.

அவள் சுண்டல் சாப்பிடப் போகவில்லை. தன் அம்மாவின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நூல் மூட்டைகளின் மேல் ஏறிப் படுத்துவிட்டாள். யாழினி அனுப்பியிருந்த பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். திரும்பவும் முதலிலிருந்து கேட்டாள். அவளுடைய அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் எழவில்லை.

கடைசியில் ஓடி வந்து, ஹெட்போனை என் காதில் வைத்து அழுத்தினாள்.

"பாட்டைக் கேக்காதீங்க அப்புச்சி. பாட்டுக்குப் பின்னால கேளுங்க."

இது என்ன விளையாட்டு என்று நினைத்தேன். ஆனாலும் கேட்டேன். பம்பைக்கும் உடுக்கைக்கும் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல் ஒரு சத்தம். ம்ம்ம்ம் என்று விடாமல் வந்துகொண்டிருந்தது.

ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன். அது அப்பா வாங்கிய முதல் நிட்டிங் மெஷின். எத்தனை மெஷின் ஓடினாலும் அதன் சத்தம் எனக்குத் தெரியும். அதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

"எல்லாப் பாட்டுலயும் இருக்குதுங்க" என்றாள் பரணி. "இப்ப ஏழாவது பாட்டு."

தம்பியின் குரல் வந்தது. பின்னால் தேடினேன். ஒன்றும் இல்லை. எங்கேயோ ஒரு குருவி மட்டும் கத்தியது.

"இதுல மட்டும் மெஷின் ஓடல" என்றேன்.

"ஏன் ஓடலீங்க?"

"ஏன்னா..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜையன்று எல்லா மெஷின்களையும் ஓடவிட்டபடியே பூஜையைத் தொடங்குவோம். கற்பூரம் காட்டியதும் நிறுத்துவோம். அதன் பிறகு மறுநாள் விஜயதசமிக்குத்தான் தொடுவோம். இரவு பகல் பார்க்காமல் ஓடுகிற மெஷின்களுக்கு வருடத்தில் கிடைக்கிற நிம்மதியான ஓய்வு அதுதான்.

பரணியின் கண்கள் பெரிதாயின. "அப்புச்சி! அது முருகனுக்கு மட்டும் தாலாட்டு இல்லீங்க. மெஷினுக்கும்தான்!"

வேல்குமார் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேலு, இங்க வாடா. நெசமா?"

"ஆமாங்ணா. பூஜையன்னிக்குத்தான் பாட்டெல்லாம் பதிஞ்சோம். பக்கத்து நூல் ரூம்ல. நீங்க சரக்கோட கல்கத்தா போயிட்டீங்க. கற்பூரம் காட்டி மெஷினை நிறுத்துனதும் அப்பா அது மேல கை வெச்சாரு. 'பாவம், தூங்கட்டும். ஒரு தாலாட்டுப் பாடு வேலு'ன்னாரு. பாடுனேன். கடைசியாப் பதிஞ்சதை அப்பாதான் நடுவுல ஏழாவதா வெச்சாரு."

"இத்தனை வருசமா ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களேண்ணா."

பரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் தோளில் இருந்த துண்டைச் சரிசெய்தேன்.

"காரணம் நமக்குத் தெரிஞ்சிருச்சு, சரி. தெருவுக்குத் தெரியாதே. கேட்டாச் சிரிக்கத்தான் செய்வாங்க. வேண்டாம்னா வேண்டாம்தான்."

அவள் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. "பூஜைக்குப் பாட்டு நான் போடட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு யாராவது வேண்டாம் என்பார்களா?

மாலையில் பூஜை தொடங்கியது. மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. தெருக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தங்கதுரை கை நிறையப் பொரியோடு முன்னால் நின்றார். மெஷின்கள் ஓடின. ஸ்பீக்கரில் வேல் முழக்கம் முழங்கியது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை.

நான் கற்பூரம் காட்டினேன். வேல்குமார் மெயின் சுவிட்சை அணைத்தான். மெஷின்கள் ஒவ்வொன்றாக மெதுவாகி நின்றன.

எங்கள் கம்பெனியில் அப்படி ஓர் அமைதியை நீங்கள் கேட்டதில்லை. காது கூசும்.

அந்த அமைதியில் பரணி ஏழாவது பாட்டைப் போட்டாள்.

"களைத்த காலுக்கு ஓய்வு கொடு வேலா..."

தமிழ் தெரியாத பீகார் பையன் ஒருவன் கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டினான். கட்டிங் பிரிவில் துணி வெட்டும் சின்னாத்தாள் தன் கத்தரியை மாலைக்குப் பக்கத்தில், சத்தம் வராமல் வைத்தாள். தங்கதுரை வாயில் போட்ட பொரியை மெல்லாமல் நின்றார். மெல்லும் சத்தம் கேட்டுவிடும் என்று பயந்தார் போலிருக்கிறது.

பாட்டு முடிந்தது. தங்கதுரை பொரியை விழுங்கினார்.

"ஏனுங்க, இது மெஷினைத் தூங்க வெக்கற பாட்டா?" என்றார், ரகசியம் பேசுகிற குரலில். "இத்தனை வருசமா இது தெரியாம தாண்டிப் போயிட்டோமுங்க. எங்க பேக்கரி ஓவனுக்கும் இன்னிக்குத்தானுங்க பூஜை. இந்தப் பாட்டு வேணுமுங்க."

அந்த நேரம் பார்த்து என் செல்போன் அடித்தது. யாழினி.

"ஐயா, ஏழாவது பாட்டை எடுத்துட்டு மத்ததை ஏத்திடட்டுங்களா? அப்புறம், எல்லாப் பாட்டுலயும் பின்னாடி ஒரு இரைச்சல் இருக்குதுங்க. அதையும் சுத்தமா எடுத்துடறேன்."

பரணி என் முகத்தையே பார்த்தாள். வேல்குமார் தரையைப் பார்த்தான்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "எங்கப்பா வெச்ச பாட்டை எடுக்கச் சொல்லி யாரம்மா சொன்னது?"

"நீங்கதானுங்களே..."

"ஏழாவது பாட்டு ஏழாவதாவே இருக்கட்டும். அந்த இரைச்சலையும் தொடாதீங்க. அது இரைச்சல் இல்ல. எங்க மெஷின்."

போனை வைத்தேன். வேல்குமார் திரும்பி நின்று, ஏற்கெனவே பளபளத்த மெஷினை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தான். அவன் தோள் லேசாகக் குலுங்கியது. நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

"கண்ணு, இன்னொருக்காப் போடு" என்றார் தங்கதுரை.

"போட மாட்டேனுங்க" என்றாள் பரணி. "பாடுனவங்களே இங்க இருக்காங்களே!"

எல்லோரும் வேல்குமாரைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான்.

"பாடுறா" என்றேன்.

முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாம் வரியில் நின்றுவிட்டது. பரணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு குரல் தடையில்லாமல் வந்தது.

எனக்குப் பாட வராது. அதனால் பக்கத்தில் இருந்த மெஷினை மெதுவாகத் தட்டிக்கொடுத்தேன்.