நகராத வளையம்

சனி நகரவில்லை.

முதலில் கவனித்தபோது அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. கோபம் பிறகு வந்தது. வழக்கமாக அவருக்குக் கோபம் நேராகவே வந்துவிடும், சந்தோஷத்துக்காகக் காத்துக்கொண்டிருக்காது. முப்பது வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து, ஊரிலுள்ள அத்தனை லிஃப்டையும் அத்தனை மெக்கானிக்கையும் திட்டித் தீர்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவர் ஒரு சத்தம் போட்டால் நாலாவது மாடியில் சிக்கிய லிஃப்ட் பயந்துபோய்த் தானே கீழே இறங்கி வந்து கதவைத் திறந்து மன்னிப்புக் கேட்கும் என்பார்கள். ஆனால் அவர் தொழிலில் கற்றது அதற்கு நேர்மாறானது. எதுவும் தானாக நகராது, தானாக நிற்காது. எங்கோ ஒரு மோட்டார் இருக்கும். இல்லையென்றால் ஒரு கை இருக்கும்.

இந்தத் தொலைநோக்கியில் மோட்டார் கிடையாது.

டாப்சோனியன் என்று பெயர். பெயர்தான் பெரிசு. ஒரு குண்டுக் குழாய், அதன் அடியில் ஒரு வட்டக் கண்ணாடி, தாங்குவதற்கு ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். வானத்தைச் சுட்டு வீழ்த்த வந்த பீரங்கி மாதிரி வாயைப் பிளந்துகொண்டு மொட்டைமாடியை அடைத்து நிற்கும். வாய்க்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் ஒரு துளை. அதில் ஐபீஸ் என்கிற குட்டி வில்லையைச் செருகிக் கண்ணை வைக்க வேண்டும். பூமி சுற்றுகிற சுற்றில், பார்த்துக்கொண்டிருக்கும் கோள் மெல்ல நழுவி ஓரத்தில் போய் மறையும். மறையாமலிருக்கக் குழாயைக் கையால், தூங்கும் குழந்தையைப் புரட்டுவது போல, தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதை அண்ணன் மட்டும்தான் தள்ளுவான். அந்தக் கண்ணாடியைச் சிவப்புப் பொடி போட்டு மாதக்கணக்கில் தேய்த்துச் செய்தவன் அவன். நகக்கண்ணில் ஏறிய சிவப்பு சாகும்வரை போகவில்லை. அறுபது வயதுத் தம்பி ஆசையாகக் கையை நீட்டினாலும் பட்டென்று தட்டிவிடுவான். "தொடாதே. நான் தள்றேன்." சின்ன வயதில் இதைவிட மோசம். பிடரியில் கை வைத்து அழுத்தி, கட்டைவிரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வான். "சிமிட்டாதே. வளையத்துக்குள்ள கறுப்பா ஒரு கோடு தெரியுதா? தெரியாது. உன் கண்ணு அவ்வளவுதான்."

அந்தக் கோடு அவருக்கு இந்த வயது வரைக்கும் தெரியவில்லை. அதற்காகவும் அண்ணனை மன்னிக்கவில்லை, செத்ததற்காகவும் மன்னிக்கவில்லை. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவனை யார் மன்னிப்பார்கள்?

காரியமெல்லாம் முடிந்ததும் அண்ணிதான் சொன்னாள். "இதை எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி. மூடி வச்சாலும் காலையில வேற பக்கம் திரும்பியிருக்கு."

"தரை சரிவா இருக்கும் அண்ணி," என்று இன்ஸ்பெக்டர் அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டு, அதைத் தன் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்தார்.

சனி நகராத அன்றைக்கு மதியம்தான் ஐபீஸ் வாங்கப் போயிருந்தார். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சுண்டுவிரல் தடிமன். மற்றது கையெறி குண்டு மாதிரி கனம்.

"பவர் ரெண்டுக்கும் ஒண்ணுதான் சார். இது சாவித்துவாரம் வழியாப் பார்க்கிற மாதிரி, அது கதவையே திறந்து வச்சுப் பார்க்கிற மாதிரி. இவ்வளவு பவர்ல, சின்னதுல சனி வந்த வேகத்துல ஓடிடும். அகலமானதுல நிதானமா நடந்து போகும், அடிக்கடி தள்ள வேண்டாம். கை நடுங்கிறவங்களுக்கு..."

"யாருக்குய்யா கை நடுங்குது?" என்று அவர் மேஜையைத் தட்டியதில் கண்ணாடிப் பெட்டி மொத்தமும் நடுங்கியது. கையும் நடுங்கியது. இரண்டு வில்லையையும் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பித் தரச் சொல்லி, கடைக்காரர் அவசர அவசரமாக அனுப்பிவைத்தார்.

படியேறும்போது மனைவி, "இந்த வீட்டுல ஒரு சனி போதாதா, மேல போய் இன்னொண்ணை வேற பார்க்கணுமா?" என்றாள்.

"இன்னிக்கு நானே தள்ளி, நானே பார்க்கப்போறேன். ஒருத்தன் கை படக்கூடாது!"

அதற்குத்தான் இத்தனை பாடும். யார் கையும் படாமல், அந்தக் கறுப்புக் கோட்டை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

இருட்டு அப்போதுதான் கெட்டியாகியிருந்தது. கீழே பாத்திரம் உருளும் சத்தமும், தெருவில் யாரோ இருமிக்கொண்டே போகும் சத்தமும் படியேறி வந்து, மாடிக்கு வந்ததும் என்னவோ தயங்கி நின்றுவிட்டது போலிருந்தது. குழாயின் வாய் அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அதிலிருந்து குளிர்ந்த இரும்பும் ஈரப்பொடியும் கலந்த ஒரு வாசனை விட்டுவிட்டு வந்தது, யாரோ உள்ளே மூச்சு விடுவது மாதிரி. அகன்ற வில்லையைச் செருகினார். சனியை நடுவில் கொண்டுவந்தார். எவ்வளவு நேரத்தில் ஓரத்துக்குப் போகிறது பார்ப்போம் என்று இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டார்.

போகவில்லை.

"அடேயப்பா, என்ன வில்லை!" என்று ஒரு கணம் பூரித்தார். அடுத்த கணம் உள்ளேயிருந்த இன்ஸ்பெக்டர் விழித்துக்கொண்டார். வில்லை அகலமாக இருந்தால் கோள் தாமதமாகப் போகும். போகாமலே இருக்காது.

வில்லையைப் பிடுங்கிச் சின்னதைச் செருகினார். இதில் ரயில் மாதிரி ஓட வேண்டும். சனி நடுவில், ஆணி அடித்தது போல நின்றது. பெட்டி இறுகிக்கொண்டதா? இறுகினால் சனி இன்னும் நிச்சயமாக நழுவ வேண்டும். அப்படியென்றால் குழாய் நகர்கிறது. வானத்தோடு சேர்ந்து, சீராக, நடுக்கமே இல்லாமல்.

கிர்ர்.

மரத்தில் மரம் உரசும் சத்தம். நின்றது. மறுபடி, கிர்ர்.

"எவன்டா அது?" என்று திரும்பினார். துணிக்கொடி. தண்ணீர்த் தொட்டி. சாத்திய கதவு. வேறு யாருமில்லை.

கோபத்தில் காது சூடேறியது. அண்ணனிடம் ஒரு தந்திரம் உண்டு. யாராவது குழாயைத் தொடுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால், பார்வையைத் தெளிவாக்குகிற, வில்லைக்குப் பக்கத்துத் திருகைத் திருகுவான். கோள் மங்கி, ஊதி, வெளுத்த தட்டு மாதிரி ஆகும். குழாய் வாய்க்கு நேராக எது நின்றாலும் அந்தத் தட்டில் நிழல் விழும். கையும் களவுமாக எத்தனை பேரை இப்படிப் பிடித்திருக்கிறான்!

அவரும் திருகினார்.

சனி ஊதியது. வெளுத்த தட்டு. நடுவில், ஒளியை வில்லைக்குத் திருப்பும் உள்கண்ணாடியின் வட்ட நிழல். அதைத் தாங்கும் மெல்லிய கம்பிகள். அதெல்லாம் இருக்க வேண்டியவை.

ஓரத்தில் ஒட்டியிருந்த நாலு விரல்கள் இருக்க வேண்டியவை அல்ல.

என் கைதான், என்று நினைத்தார். திருகிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

விரல்கள் அங்கேயே இருந்தன. ஒன்றுகூட நடுங்கவில்லை. நுனிகள் வெளிப்பக்கம் பார்த்திருந்தன; வெளியிலிருந்து வந்து விளிம்பைப் பிடித்த விரல்கள் இல்லை அவை. உள்ளேயிருந்து வந்து பிடித்தவை.

பயந்திருக்க வேண்டும். அவருக்கு வந்தது ஐம்பது வருஷக் கோபம்.

"செத்தும் விடமாட்டியா?" பல்லைக் கடித்ததில் குரல் பிசிறியது. "இது என் வீடு. என் மாடி. என் கண்ணு. கையை எடு. எடுடா!"

அண்ணனை அவர் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

நிழல் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. போயின.

அகன்ற வில்லையை மறுபடி செருகித் தெளிவாக்கினார். சனி நகர்ந்தது! கழுத்துக் கயிற்றை அறுத்துக்கொண்ட கன்றுக்குட்டி போல, அவ்வளவு பெரிய கறுப்புக்குள் சின்னதாக, சுதந்திரமாக. தள்ளினார். கை நடுங்கியது, சனி எகிறிக் குதித்தது, ஆனாலும் வெளியே போகவில்லை. அகலமான வில்லைதான் சரி, சந்தேகமே இல்லை. கண் ததும்பியது. கோடு இன்னும் தெரியவில்லை. பரவாயில்லை, நேரமிருக்கிறது. அது ஓரத்தை நோக்கிப் போகப்போக அவரும் விழியை உருட்டி ஓரம்வரை பின்தொடர்ந்தார்.

பிடரியில் குளிர்ந்தது.

பனி, என்று நினைத்தார்.

பனிக்கு ஐந்து விரல் கிடையாது.

கை அழுத்தியது. முகம் வில்லையில் போய் ஒட்டியது. கத்த வாய் திறந்தார். ஊரையே நடுக்கிய அந்தக் குரல் வரவில்லை.

கிர்ர். சனி ஓரத்திலிருந்து திரும்பி வந்தது. நடுவில் நின்றது.

கதவு திறக்கும் சத்தம். மனைவி.

"சாப்பிட வாங்க... ஓ, ஆள் வந்திருக்காரா? இருட்டுல தெரியல. சரி சரி, பார்த்து முடிச்சிட்டு அவரையும் கூட்டிட்டு இறங்குங்க."

போகாதே. போகாதே.

கதவு சாத்திக்கொண்டது. செருப்புச் சத்தம் படியில் இறங்கித் தேய்ந்தது.

இன்னொரு கை, முகத்துக்கும் வில்லைக்கும் இடையில், மெதுவாக, பழக்கப்பட்ட மாதிரி நுழைந்தது. ஈரப்பொடி வாசனை. கட்டைவிரல் இமையின் அடியில் புகுந்து மேலே தூக்கியது. பார்வையின் மேல் விளிம்பில், பிறை மாதிரி, சிவப்பேறிய ஒரு நகம்.

அதற்குக் கீழே சனி. அசையாமல். வளையத்துக்குள் கத்தியால் கீறியது போல, கறுப்பாக, அந்தக் கோடு.

கண் எரிந்தது. சிமிட்ட முடியவில்லை.